கோழி படம் போட்ட பிக்கப்

சங்ககிரிப் பட்டறைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு எழுத்து அதிகம் வராது. எட்டாவதோடு சரி. என்ஜினைப் பிரிப்பது, கோப்பது எல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் கை கற்றுக்கொள்ளும். கை கற்றுக்கொள்ளாதது ஒன்று உண்டு. வண்டி உள்ளே வந்ததும், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்ப்பது. ஒரு வண்டியை வைத்து அதைச் சொல்கிறேன்.

நான் பட்டறைச் சாவியைக் கந்தசாமியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காருவதற்குக் கொஞ்சம் முந்தி வந்த வண்டி அது. கந்தசாமி என் கூட்டாளி. ஸ்பிரிங் பட்டை வேலையில் கெட்டிக்காரன். வாய் அதைவிடக் கெட்டி.

வந்தது லாரி இல்லை. பழைய பிக்கப். மூக்கு நீண்டது. முன்விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரி வெளியே தள்ளி இருக்கும். ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். டயரெல்லாம் சப்பை. சீட்டுக்குள் எலி குடித்தனம். அதோடு ஒரு அம்மாவும் வந்தார். பேர் செசிலி. சேலத்தில் தட்டுவடை செட் கடை வைத்திருக்கிறவர்.

கந்தசாமி வண்டியைச் சுற்றி வந்து சொன்னான்: "ஏனுங்க அம்மிணி, இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருக்கலாமுங்களே. இத்தனை தூரம் ஏத்திட்டு வந்திருக்கறீங்க."

"பேரீச்சம்பழம் வேணும்னா நான் வாங்கித் தர்றேங்கண்ணா. நீங்க வண்டியை ஓட வைங்க."

கந்தசாமி ஜாக்கி எடுக்கப் போனான். இந்த அம்மாவோடு வேலை செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது.

எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டேன். மாதா திருவிழாவுக்கு என்றார். எனக்கு அவர்கள் கோயில் முறை தெரியாது. அவரே சொன்னார். அவர்கள் கோயிலில் ஒரு மாதா சுரூபம் இருக்கிறது. சிலையை அவர்கள் சுரூபம் என்பார்கள். மரம் இல்லை, சாந்தில் வார்த்தது, உள்ளே வெறும் கூடு. ரொம்பப் பழசு. திருவிழா அன்று கோயிலிலிருந்து கரட்டடியில் இருக்கிற கெபிக்கு, அதாவது மாதா குகைக்கு, கொண்டு போவார்கள். ஊர் எல்லை வரைக்கும் எல்லாரும் கூட நடப்பார்கள். அதற்கப்புறம் கரடு வரைக்கும் வண்டி கொஞ்சம் வேகமாகப் போகும். பூசை முடிந்து அன்றைக்கே திரும்பிவிடும். செசிலியின் அப்பா சவரிமுத்து உயிரோடு இருந்தவரை வருசா வருசம் இந்த பிக்கப்பில்தான் மாதா போனார். சவரிமுத்துதான் ஓட்டினார்.

அவர் இறந்ததற்கு அப்புறம், போன வருசம், தம்பி அந்தோணி ஓட்டினான். அந்தோணி லாரி டிரைவர், அனுபவக்காரன். பிக்கப் அப்போதே ஓடாமல் நின்றுவிட்டது. அதனால் வாடகைக்கு வேறு வண்டி எடுத்தான். கெபியில் போய்ப் பார்த்தால் மாதாவின் வலது கை மணிக்கட்டோடு உடைந்து காலடியில் கிடக்கிறது.

"கூட்டத்துல யாரோ சொல்லிட்டாங்க. சவரிமுத்து இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமான்னு. அவன் காதுல விழுந்துருச்சு. அன்னையிலிருந்து கோயில் வாசலை மிதிக்கல. என் பொண்ணு முதல் நற்கருணை, அதாங்க புதுநன்மை, வாங்கினா. தாய்மாமன் இல்லாமலே வாங்கினா."

"கையை ஒட்டியாச்சுங்களா?"

"ஒட்டியாச்சு. ஒட்டினவர் சொல்லிட்டார், இன்னொரு தடவை அதிர்ந்தா ஒட்டாது, தூள் தான்னு. இந்த வருசம் அப்பா வண்டியில அவன் தான் ஓட்டணும்."

"அவர் ஒத்துக்கிட்டாருங்களா?"

"இல்லை. முதல்ல வண்டி ஓடட்டும்."

எனக்கு ஒன்று இடித்தது. கேட்டேன்: "அப்பா ஓட்டினப்ப ஒரு தடவைகூட ஒண்ணும் ஆகலையா?"

"ஒரு கீறல் இல்லைங்கண்ணா."

"ரோடு?"

"அதே ரோடு தான். அப்ப இன்னும் மோசம்."

"அப்புறம் எப்படிங்க?"

"அப்பா கை அப்படி."

எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். டிரைவர் கை, மேஸ்திரி கை, சமையல்காரர் கை. கை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்காது. கை உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கைக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வண்டி இருக்கிறதே.

என்ஜினைப் பட்டறைப் பையன்களிடம் விட்டேன். அது வழக்கமான வேலை. நான் அடியில் படுத்தேன். பின்சக்கரத்துக்கு மேல் அடுக்கியிருந்த ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்ததும் எழுந்து வந்து கந்தசாமியைக் கூப்பிட்டேன். அவனும் படுத்துப் பார்த்தான். சிரித்தான்.

"யாரோ பட்டையைத் திருடிட்டாங்ணா. பாதி தான் இருக்குது. அதும் இருக்கறது அப்பளம் மாதிரி இருக்குது. கழட்டிப் போட்டுட்டு நல்ல தடிப் பட்டையாப் அடுக்கிக் கட்டு ஏத்திர்றேன். சங்ககிரிக்கு வந்த வண்டி கட்டு ஏறாம வெளிய போனா நமக்குத்தான் கேவலம்."

இது நம் ஊர் வியாதி. உங்களுக்கும் வரும், அதனால் சொல்கிறேன். நாம் லாரிக்காரர்கள். எந்த வண்டியைக் கண்டாலும் எத்தனை டன் தாங்கும் என்றுதான் நினைப்போம். பட்டையை ஏற்று, இன்னும் ஏற்று. மெலிந்த பட்டையைப் பார்த்தால் நமக்கு அது தேய்ந்தது, அல்லது களவு போனது. வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று மனசுக்கு வராது.

நான் மறுபடி படுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். களவு போன பட்டைக் கட்டு இப்படி இருக்காது. ஒவ்வொரு பட்டையின் முனையும் உருட்டி ராவியிருந்தது, அடுத்த பட்டையைக் குத்தாமல் வழுக்கும்படி. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் டயர் ட்யூப்பை நறுக்கி அளவாக வைத்திருந்தது. ட்யூப் காய்ந்து கருவாடாகி இருந்தது. ஆனாலும் வைத்த இடத்தைவிட்டு நகரவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. யாரோ ஒரு ஆள் மெனக்கெட்டு உட்கார்ந்து இந்த வண்டியை மெத்தையாக்கி இருக்கிறார். பேர் தெரியாது. ஊர் தெரியாது. இருக்கிறாரா என்றும் தெரியாது. என் வாழ்நாளில் ஒரு சிலரிடம் தொழில் கற்றேன். அந்த வரிசையில் இவரையும் வைக்கிறேன். அவர் வேலையைப் பார்த்துத்தான் கற்றேன், ஆளைப் பார்க்கவில்லை.

"கழட்டாதே" என்றேன்.

"அப்புறம் என்னங்ணா பண்றது?"

"எதுக்கு இப்படிப் பண்ணினாருன்னு தெரியற வரைக்கும் ஒண்ணும் பண்ணாதே."

பதில் பெயிண்ட்டுக்கு அடியில் இருந்தது. கதவைச் சுரண்டின பெயிண்டர் ஒருநாள் கூப்பிட்டார். மேலே நீலம். அதற்கு அடியில் பச்சை. பச்சைக்கு அடியில் மஞ்சள். மஞ்சளில் ஒரு கோழி. கையால் வரைந்தது. அடைக்கு உட்கார்ந்த கோழி, கண்ணை மட்டும் சிவப்பில் வைத்திருந்தார்கள். எழுத்து ஏதும் இல்லை.

செசிலி வந்து பார்த்தார். "கோழியா? எங்க வண்டியிலயா? அப்பா பழைய வண்டியா வாங்கினார்னு தெரியும். யார்கிட்டன்னு தெரியாதுங்கண்ணா. நான் அப்ப பிறக்கவே இல்லை."

கந்தசாமி கேட்டான், "மாதா போற வண்டியில கோழி இருக்கலாமுங்களா?"

"எங்க வேதத்துலயும் கோழி இருக்குங்க. பெயிண்டரண்ணா, அதை அழிச்சிடாதீங்க."

நாமக்கல் பக்கத்தில் கோழி வரைந்த வண்டி என்ன ஏற்றும்? சந்தேகம் தீர, சரக்கு ஏற்றுகிற தொட்டியின் பலகைச் சந்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றச் சொன்னேன். ஆவி வந்தது. கந்தசாமி குனிந்து முகர்ந்தான். நிமிர்ந்தான்.

"முட்டைங்ணா."

அப்படியானால் சரி. முட்டை வியாபாரி யாரோ ஒருத்தர், முட்டை உடையாமல் இருக்கப் பட்டையைக் குறைத்து மெத்தையாக்கச் சொல்லியிருக்கிறார். அந்த மெத்தையில்தான் மாதாவும் உடையாமல் போயிருக்கிறார். கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். ட்யூப்பை மட்டும் புதிதாக வைத்து அதே பட்டையை அப்படியே பூட்டினோம்.

நல்லவேளை, ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. என்ஜின் ஓட ஆரம்பித்த அன்றைக்கு முட்டை வாங்கி வரச் சொன்னேன், அட்டையோடு. தொட்டியில் முன்பக்கமாக வைத்து, மல்லசமுத்திரம் பக்கம் போகும் ஒரு ஊராட்சி ரோட்டில் விட்டேன். மெதுவாகத்தான் போனேன். பக்கத்தில் கந்தசாமி. திரும்பி வந்து இறங்கிப் பார்த்தால் அட்டையில் மஞ்சள் ஓடுகிறது.

"ஏனுங்ணா, மாதா தப்பிச்சாங்க. முட்டை தப்பிக்கலையே" என்றான் கந்தசாமி. அன்றைக்குப் பட்டறையில் எல்லாருக்கும் ஆம்லெட். எனக்கு இறங்கவில்லை.

பட்டை அதே பட்டை. ரோடு இதைவிட மோசம் இல்லை. சவரிமுத்துவுக்கு உடையாதது எனக்கு ஏன் உடைகிறது? அப்படியானால் கைதானா? நிசமாகவே கைதானா? திருவிழாவுக்குக் கொடி ஏற்றிவிட்டார்கள் என்று செசிலி போனில் சொன்னார். கமிட்டியில் வேறு வண்டி பேசலாமா என்று யோசிக்கிறார்களாம். "நான் சொல்லிட்டேங்கண்ணா, எங்கப்பா வண்டி தான்னு. எனக்கு இதுக்கு மேல பேச வாய் இல்லை."

மறுநாள் காலையில் பட்டறை வாசலில் ஒரு ஆள் நின்றான். உள்ளே வரவில்லை. பிக்கப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்காமலே தெரிந்தது.

"உள்ளே வாங்க தம்பி" என்றேன்.

"அக்கா அனுப்பல. நானா வந்தேன்" என்றான் அந்தோணி.

"சரி."

"நான் ஓட்ட மாட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"சரி. டீ குடிங்க."

டீ வந்தது. குடித்தான். வண்டியைச் சுற்றி வந்தான். கோழியைப் பார்த்து நின்றான். கேட்க வேண்டியதை நான் அப்போது கேட்டேன். ஓட்டுவதைப் பற்றிக் கேட்கவில்லை. ஓட்டுவதைப் பற்றி அவனை எல்லாரும் கேட்டு முடித்திருப்பார்கள்.

"உங்கப்பா ஓட்டறப்ப பின்னாடி என்ன இருக்கும்?"

"மாதா."

"வேற?"

"பூ. மைக் செட்."

"வேற?"

கொஞ்சம் யோசித்தான். "ஆளுங்க. நடக்க முடியாதவங்களை அப்பா ஏத்திக்குவார். வயசானவங்க, மாசமா இருக்கறவங்க, அப்புறம் லூர்து அத்தை. அவங்களுக்குச் சின்ன வயசுலயே இளம்பிள்ளைவாதம், ஒரு கால் வராது. தொட்டி ரொம்பி வழியும். அப்பாவுக்கு அது ஒரு இது. யாரையும் வேண்டாம்னு சொல்ல மாட்டார்."

"நீங்க ஓட்டினப்ப?"

அவன் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"யாரையும் ஏத்தலைங்க. நான் தான் வேண்டாம்னேன். மாதா பக்கத்துல நெரிச்சுக்கிட்டு உக்காரறது மரியாதை இல்லைன்னு எனக்குப் பட்டது. கமிட்டியிலயும் சரின்னாங்க. லூர்து அத்தையை ஏத்தி விட்டிருந்தாங்க. இறங்கச் சொல்லிட்டேன். நல்ல வண்டியா, புதுசா, ஆறு டன் இழுக்கற வண்டியாப் பார்த்து எடுத்தேன். மாதா மட்டும் தனியா கம்பீரமா போகட்டும்னு."

நானும் கந்தசாமியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். நாங்கள் இரண்டு பேரும் எத்தனை வருசமாக லாரிக்கு அடியில் படுத்தவர்கள். லாரிக்காரன் யாரைக் கேட்டாலும் சொல்வான், லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் வண்டி முதுகை உடைக்கும் என்று. காலி வண்டி குதிக்கும். பட்டை மேல் பாரம் உட்கார்ந்தால்தான் பட்டை வளைந்து கொடுக்கும். இது எங்களுக்குத் தெரியும். அந்தோணிக்கும் தெரியும். ஆனால் மாதாவை யாரும் லோடு என்று நினைக்கவில்லை. ஆறு டன் வண்டிக்கு ஒரு சாந்துச் சிலை எந்த மூலைக்கு? அது காலி வண்டிதான். அந்த முட்டை வண்டியும் அப்படித்தான். தொட்டி நிறைய முட்டை ஏறினால் மெத்தை. ஒரு அட்டை வைத்து ஓட்டினால் கட்டை.

"தம்பி, நீங்க என்ன வண்டி ஓட்டறீங்க?" என்று கந்தசாமி கேட்டான்.

"பன்னிரண்டு சக்கரம்."

"காலியா வந்தா எப்படி இருக்கும்?"

அந்தோணி பிக்கப்பின் பின்பக்கம் போய்ப் பட்டையைக் குனிந்து பார்த்தான்.

அன்றைக்கே மறுபடி முட்டை வாங்கினோம். தொட்டியில் முன்பக்கம் முட்டை. மிதித்துவிடக் கூடாது என்று நாங்கள் எல்லாரும் பின்னால் தள்ளி உட்கார்ந்தோம். பட்டறை ஆட்கள், பெயிண்டர், பக்கத்து லேத்துக்காரர், கல்லாவைச் சம்சாரத்திடம் விட்டுவிட்டு வந்த டீக்கடைக்காரர். ஓட்டுகிற ஆள் அந்தோணி. ஓட்ட மாட்டேன் என்று சொல்ல வந்தவன்தான். சாவியை நான் கொடுக்கவில்லை. வண்டியிலேயே இருந்தது. அவனாக ஏறிக்கொண்டான்.

அதே ரோடு. டீக்கடைக்காரர் முட்டையைப் பார்த்தபடியே வந்தார். "ஏனுங்க, உடைஞ்சா இன்னைக்கும் ஆம்லெட்டுங்களா?" என்றார்.

"உடைஞ்சா உம்ம கடைக்கு இனிமே நாங்க வர மாட்டோம்" என்றான் கந்தசாமி. "வாயைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. நீங்க ஆடினா பட்டை ஆடுது."

திரும்பி வந்து இறங்கினோம். ஒரு முட்டைகூட உடையவில்லை. அந்தோணி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். விரிசல் இருக்கிறதா என்று தேடினான். இல்லை.

"அப்ப அப்பா கை இல்லையா?" என்று கேட்டான்.

இல்லை என்று சொன்னால் இவனுக்கு ஆறுதல். அப்பாவிடமிருந்து ஒன்றைப் பிடுங்கின மாதிரியும் ஆகும். "வண்டியும்தான்" என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

திருவிழா அன்று நானும் கந்தசாமியும் போனோம். வண்டி எங்கள் வேலை. அது எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். நீலம் அடித்து, பித்தளை துலக்கி, பூக்கட்டி நின்றது. கதவில் கோழியை மட்டும் ஒரு கட்டம் விட்டு அப்படியே வைத்திருந்தார் பெயிண்டர். மாதாவைக் கேபினை ஒட்டி முன்பக்கமாக நிறுத்தி, துணியால் நாலு பக்கமும் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் ஒட்டின இடம் ஒரு மயிர்க்கோடு மாதிரி தெரிந்தது.

செசிலி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அதனால் நடக்க முடியாதவர்கள் வந்து நின்றார்கள். லூர்து அத்தையும் வந்திருந்தார். சக்கர நாற்காலியில், தூரமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு. நல்ல ஆகிருதி.

கமிட்டித் தலைவர் வந்தார். அரிசி மண்டி வைத்திருக்கிறவர். கெட்டவர் இல்லை. போன வருசம் அந்த உடைந்த கையை மேல்துண்டில் சுற்றி எடுத்து வந்தவர் அவர்தானாம். "யாரும் ஏற வேண்டாம்மா. பயமா இருக்கு. கூட்டம் சாய்ஞ்சு மாதா மேல விழுந்தா என்ன பண்றது?" என்றார்.

செசிலி என்னைப் பார்த்தார். "மெக்கானிக் அண்ணா, நீங்க சொல்லுங்க."

பவனி புறப்பட மணி அடித்துவிட்டார்கள். பாட்டு ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் சொன்னேன்: "காலி வண்டி குதிக்குமுங்க. பாரம் இருந்தாத்தான் குதிக்காது. ஓட்டிப் பார்த்துட்டோம்."

தலைவர் யோசித்தார். யோசிக்கிற ஆள். "பாரம் தானே வேணும்? எங்க மண்டியில மூட்டை இருக்கு. இதோ இப்பவே ஏத்திடலாம். மூட்டை சாயாது. யார் மேலயும் விழாது. மூட்டை ஏத்தினா ஆகாதா?"

தம்பிகளே, இந்த இடத்தில் கவனியுங்கள். செசிலி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆகாது என்று சொல்ல வேண்டும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. சொல்லியிருந்தால் அந்த இடத்தில் மறுத்துப் பேச ஆள் இல்லை. மெக்கானிக் சொன்னால் எடுபடும். அதனாலேயே இல்லாததைச் சொல்லக் கூடாது. பட்டைக்கு அரிசியும் தெரியாது, ஆளும் தெரியாது.

"ஆகுமுங்க" என்றேன். "மூட்டையும் ஆகும்."

செசிலி தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் மண்டிக்கு ஆள் அனுப்பத் திரும்பினார்.

"மூட்டை வேண்டாங்க."

அந்தோணி. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் இறங்கி வந்திருந்தான். அதுவரைக்கும் அவன் யாரிடமும் பேசவில்லை. கோயில் வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதோடு சரி.

"போன வருசம் யாரும் ஏற வேண்டாம்னு சொன்னது நான் தான். தப்பு என்னோடது. உடைஞ்சதும் என் கையில தான். மூட்டையை வெச்சுட்டு இவங்களை விட்டுட்டுப் போறதா இருந்தா வேற ஆளை ஓட்டச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு நேராக லூர்து அத்தையிடம் போனான்.

"ஏறுங்க அத்தை."

"நான் ஏன் ஏறணும்? போன வருசம் இறங்குன்னே. இந்த வருசம் ஏறுங்கறே. இது என்ன பஸ்ஸா?"

"அத்தை."

"உன் வாய் எங்கே போச்சு இத்தனை நாளா?"

அந்த அம்மா அவனைக் கொஞ்ச நேரம் நிற்கவிட்டார். அப்புறம் கையை நீட்டினார். அந்தோணியும் கந்தசாமியும் நாற்காலியோடு தூக்கி வைத்தார்கள். தலைவர் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் தொட்டியின் பின் பலகையைப் பிடித்துக் கொடுத்தார், அடுத்த ஆள் ஏற.

ஏறினவர்கள் எல்லாரும் மாதாவை ஒட்டி முன்னால் போய் நெருக்கிக்கொண்டார்கள். பின்பக்கம் கொஞ்சம் இடம் விழுந்தது. அங்கே நானும் கந்தசாமியும் உட்கார்ந்தோம்.

ஊர் எல்லை தாண்டி வண்டி வேகம் எடுத்தது. நான் அந்த மயிர்க்கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தோணி நன்றாகத்தான் ஓட்டினான். பள்ளத்தை முன்கூட்டியே பார்த்தான். கரட்டுக்குத் திரும்புகிற இடத்தில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளைக் கோடு இல்லை. கிட்டே வந்துதான் தெரிந்தது. பிரேக்கை அழுத்தியிருந்தால் எல்லாரும் மாதா மேல் சாய்ந்திருப்பார்கள். அவன் அழுத்தவில்லை. காலை எடுத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் ஏறவிட்டான். முன்பக்கம் அமுங்கி எழுந்தது. பின்பக்கம் லேசாக ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

கை இருந்தது.

கெபியில் இறக்கினதும் முதலில் அந்தோணிதான் வந்து பார்த்தான். மணிக்கட்டில் விரலை வைத்துத் தடவினான். தலைவர் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் தடவிப் பார்த்தார். செசிலி அந்தப் பக்கம் திரும்பி நின்று எல்லாருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் அந்த ஒரு தூக்கு உறுத்தியது. பாரம் இருந்ததே. பின்னே ஏன் பின்பக்கம் தூக்கிப் போட்டது? நானும் கந்தசாமியும் எலும்பும் தோலுமான ஆட்கள், அது வேறு. சவரிமுத்து ஓட்டினபோதும் எல்லாரும் மாதாவை ஒட்டித்தானே நெருக்கியிருப்பார்கள். கந்தசாமியிடம் சொன்னேன். "ஏனுங்ணா, உடையலைல்ல, விடுங்க" என்றான்.

பூசை முடிந்து திரும்ப ஏறுகிற நேரம். லூர்து அத்தை அந்தோணியைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு ஓட்டத்தான் தெரியுது. உங்கப்பன் மாதிரி ஏத்தத் தெரியலை."

"ஏன் அத்தை?"

"அவர் சும்மா ஏத்த மாட்டார். நின்னு ஒவ்வொருத்தருக்கா இடம் சொல்லுவார். ஒல்லியா இருக்கறவங்க எல்லாம் மாதா பக்கத்துல. குண்டா இருக்கறவங்க பின்னாடி. 'லூர்து, நீ இங்கே வா, சக்கரத்துக்கு நேரா மேல உக்காரு'ம்பார். அத்தனை கூட்டத்துக்கு முன்னாடி. வருசா வருசம். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வரும்."

கந்தசாமி என் தோளைத் தொட்டான். நான் தொட்டிக்குள் இருந்த பின்சக்கர மேடுகளைப் பார்த்தேன். மரப்பலகை அங்கே மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதை நான் மாற்றாமல் விட்டதுகூட, நல்ல பலகை என்றுதான். ஏன் தேய்ந்தது என்று கேட்கவில்லை. முட்டை உடையாத அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்ததும் அங்கேதான், பட்டைக்கு நேர் மேலே.

"என்ன எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறீங்க?" என்றார் லூர்து அத்தை.

அந்தோணி நாற்காலியைப் பிடித்தான். நாங்கள் தூக்கினோம். அவன் முன்பக்கம் போகவிடாமல் திருப்பினான்.

"அத்தை, நீங்க இங்கே. சக்கரத்துக்கு நேரா மேல."

"அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு பாரு!" என்று லூர்து அத்தை தொட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

அந்தோணி போய் வண்டியை எடுத்தான்.